இரண்டு வால்வும் திறக்கும் நேரம்
பௌர்ணமி நெரிசலில் திருவண்ணாமலைக்குள் ஊர்ந்து வரும் பழைய மாருதி 800, ஐட்லிங்கில் திணறாது. வால்வுகளைத் திறந்து மூடும் அதன் கேம்ஷாஃப்ட் அப்படி. வால்வு கவரைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி மெல்லத் திருப்புங்கள்: எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடுமுன்பே இன்டேக் வால்வு இறங்கத் தொடங்கும். பிஸ்டன் உச்சியில் நிற்கும் அந்தச் சில டிகிரிகள்தான் ஓவர்லாப். வேகத்தில், வெளியே பாயும் புகை தன் பின்னாலேயே புதுக் கலவையை இழுத்துக்கொள்கிறது. என்ன அழகான கணக்கு! ஆனால் ஓவர்லாப் அதிகமானால், மெதுவாக ஓடும்போது அதே புகை உள்ளே திரும்பிக் கலவையைக் கெடுக்கும், இன்ஜின் திக்கும்; அதனால்தான் மாருதியில் அது குறைவு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அந்தத் திக்கலை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே ஓவர்லாப் கூடுதலாகவே இருக்கலாம். “கேம் மாத்திடலாமாண்ணே?” என்று கேட்கும் தம்பிகளே, செங்கம் ரோட்டுக்குக் கம்பெனி கேமே போதும்.