கேடயமும் கதவும்: ஏனாதிநாத நாயனார் புராணத்தில் தற்காப்பும் தெளிவும்

ஏனாதிநாத நாயனார் புராணம் பெரும்பாலும் திருநீற்றின்பால் கொண்ட அன்பிற்குச் சான்றாகவே படிக்கப்பட்டு வருகிறது. அவர் வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர் என்பதும், எதிரே நின்றவன் கொல்ல வந்தவன் என்பதும் அவ்வாசிப்பில் பின்னுக்குச் சென்றுவிடுகின்றன. படைக்கலம் ஏந்தியவர் எதைக் கண்டு, எதை நம்பி, எக்கணத்தில் முடிவு செய்கிறார் என்னும் வினாவோடு இப்புராணத்தை அணுக இக்கட்டுரை முற்படுகிறது. அதற்குத் துணையாக ஜெர்மனியில் நிகழ்ந்த வழக்கொன்றை எடுத்துக்கொள்கிறது.

2010 மார்ச் 17 அன்று விடியற்காலையில், கோப்லென்ஸ் நகரை அடுத்த அன்ஹவுசன் என்னும் சிற்றூரில், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் குழுவைச் சேர்ந்த ஒருவரின் வீட்டைச் சோதனையிடச் சிறப்பு அதிரடிப் படையினர் வந்தனர். அழைப்புமணியை அடிக்காமல், தம்மை இன்னாரென அறிவிக்காமல் கதவின் பூட்டுகளை உடைக்கலாயினர். பகைக் குழுவினர் தம்மைக் கொல்ல எண்ணியிருப்பதாக அவ்வீட்டுக்காரர் முன்னரே கேள்விப்பட்டிருந்தார். ஓசையால் விழித்தவர் துப்பாக்கியோடு வந்து, போய்விடுமாறு கத்தினார். மறுமொழி இல்லை, பூட்டுடைப்பும் நிற்கவில்லை. கதவின் ஊடே இருமுறை சுட்டார். காவலர் ஒருவர் உயிரிழந்தார். வந்தவர்கள் காவல்துறையினர் என்பது தெரிந்ததும் அவர் துப்பாக்கியைக் கைவிட்டுச் சரணடைந்தார்.

ஜெர்மானியத் தண்டனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு தற்காப்பை உரிமையாகவே ஏற்கிறது. எனினும் துப்பாக்கி ஏந்தியவர், நிலைமை இடந்தருமாயின், முதலில் எச்சரிக்கவும் பின்னர் எச்சரிக்கை வேட்டு விடவும் வேண்டும் என்று நீதிமன்றங்கள் வரையறுத்துள்ளன. எச்சரிக்கை வேட்டு விடாததையே கோப்லென்ஸ் நீதிமன்றம் குறையாகக் கண்டு, பிற குற்றங்களையும் சேர்த்து 9 ஆண்டுச் சிறை விதித்தது. 2011 நவம்பர் 2 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவரைக் கொலைப்பழியிலிருந்து விடுவித்தது. கதவுக்கு அப்பாலிருந்து எக்கணமும் குண்டு பாயலாம் என்று நம்பியவரிடம் எச்சரிக்கை வேட்டை எதிர்பார்க்க இயலாது. அவர் கொண்ட பிழையான நம்பிக்கையும் கவனக்குறைவால் விளைந்ததன்று என்பது அதன் முடிவு. காவல்துறையினரிடையே இத்தீர்ப்பு எழுப்பிய கசப்பு இயல்பானதே. கடமையில் நின்ற ஒருவர் இறந்திருக்கிறார். ஆயினும் தீர்ப்பின் அடிப்படை வலுவானது. கதவின் இப்புறம் நின்றவர் கண்டதைக் கொண்டே அவர் செயலை அளக்க வேண்டும். அப்புறம் உண்மையில் யார் நின்றார் என்பது நமக்குப் பின்னர்த் தெரிந்த செய்தி.

சேக்கிழார் படைக்கும் களத்தில் கதவின் இடத்தில் கேடயம் இருக்கிறது. நேர்ப்போரில் தோற்ற அதிசூரன் தனிப்போருக்கு அழைக்கிறான். பிறர் மடிவதைத் தவிர்க்க எண்ணி ஏனாதிநாதர் ஒருவரிடமும் கூறாது செல்கிறார். இவ்விடத்தை விரைந்து கடப்போர் அவருடைய நிதானத்தைக் காணத் தவறுகின்றனர். நெற்றியில் நீறணிந்து, அதனைக் கேடயத்தால் மறைத்து வரும் பகைவன், நெருங்கியதும் கேடயத்தை விலக்குகிறான். அன்ஹவுசனில் தெரிய வேண்டிய அடையாளம் இறுதிவரை தெரியவில்லை. இங்கோ இருக்கத்தகாத நெற்றியில் அடையாளம் தோன்றுகிறது. இரண்டிலும் காலமே ஆயுதமாகிறது: ஆராய்வதற்கு இடமில்லாத கணம்வரை உண்மை மறைக்கப்படுகிறது.

வேறுபாடு இதனினும் கூர்மையானது. அன்ஹவுசன் வீட்டுக்காரர் ஆளை அறியாமல் சுட்டார். ஏனாதிநாதருக்கோ ஆள் யாரென்பதில் ஐயமில்லை. அவன் அடியவனாகிவிட்டான் என்பதிலேயே ஏமாறுகிறார். எனவே அவர் கைவிடுவது விழிப்பையன்று, தற்காப்புரிமையை. அவ்வாறு துறக்குமாறு எந்தச் சட்டமும் எவரையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

உரிமையைத் துறந்தவர் வாளையும் கேடயத்தையும் எறியவே முதலில் எண்ணுகிறார். படைக்கலம் இல்லாதவரைக் கொன்ற பழி அவனைச் சேருமே என்று கருதி, அவற்றை ஏந்தியபடியே போரிடுவார்போல் நிற்கிறார். தம்மைக் கொல்பவனின் குற்றத்தை அவனுக்காகக் குறைத்து வைக்கும் இச்செயல், கண்டோர் சான்றை நம்பும் எந்த நீதிமன்றத்திலும் இருவர் பொருத போராகவே பதிவாகியிருக்கும். அந்தக் கையில் வாள் ஏன் இருந்தது என்பதைச் சேக்கிழார் ஒருவரே நமக்குச் சொல்கிறார்.