பாமினிப் பட்டியலும் பைத்தனும்

கோப்பாயில் ஒரு சனசமூக நிலையத்தின் அங்கத்தவர் பட்டியலைப் பைத்தனில் வாசித்தபோது, எக்செல்லில் தெளிவாய் நின்ற ‘கோப்பாய்’ என்ற ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய்த் திரையில் விழுந்தது. பட்டியலில் பிழையில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டது. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய பட்டியல்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. ஆகவே விரிதாள் வாசிக்கும் எந்தக் கருவியிடமும் நான் முதலில் பார்ப்பது, கலத்தின் எழுத்துருப் பெயரை அது கொண்டுவருகிறதா என்பதையே.

பைத்தன் நூலகமான பான்டாஸ் அதைக் கொண்டுவருவதில்லை. முழுத்தாளையும் ஒரே வரியில் அட்டவணையாக்கித் தரும். தொகுக்கவும் இணைக்கவும் அதுபோல வசதியானதை நான் பார்க்கவில்லை. ஆனால் பெறுமதியை எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிடுகிறது. பிறகு கலத்திலிருப்பது பாமினித் தமிழா, ஆங்கிலமா என்று ஊகிக்க வேண்டியதுதான். சீஎஸ்வியாக்கி வாசிப்பது அதைவிட மோசம். இலங்கையில் 2016 முதல் வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணை வெறும் எண்ணாகத் தட்டச்சிட்டிருந்தால், எக்செல் அதை அடுக்குக்குறியில் சுருக்கிக் காட்டும். சீஎஸ்விக்குப் போவது அந்தச் சுருக்கம். வழக்கமாகக் கடைசி ஆறு இலக்கங்கள் போய்விடும். ஓர் ஆளின் அடையாளமே அழிகிறது.

மற்றொரு பைத்தன் நூலகமான ஓப்பன்பைஎக்செல் ஒவ்வொரு கலத்தின் எழுத்துருவையும் சொல்லும். குறைகளும் உண்டு. பெரிய கோப்பில் மெதுவாகும். ஒரே கலத்தில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருந்தால், 3.1 பதிப்பில் வந்த ‘ரிச் டெக்ஸ்ட்’ தெரிவைக் கொடுத்தாலன்றி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பெறுமதிகளை மட்டும் கேட்டுத் திறந்த கோப்பை அப்படியே சேமித்தால் சூத்திரங்கள் அழியும். இதைச் சிறு குறையென்று தள்ள என்னால் முடியாது. மூலக்கோப்பில் எழுதவே கூடாது.

இருந்தும் வாசிப்புக்கு ஓப்பன்பைஎக்செல்தான். பான்டாஸின் இடம், எல்லாம் யுனிகோடாகிய பிறகு.

மாற்றும்போதும் ஒழுங்கு வேண்டும். பாமினியில் ‘கோ’ மூன்று குறிகள்: இரட்டைக்கொம்பு, க, கால். ஒவ்வொன்றாக மாற்றினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் தனியே நின்றுவிடும். மூன்றையும் ஒரே துண்டாக முதலில் மாற்றி, பிறகே இரண்டு குறிகளுக்கும் ஒற்றைக்கும் வரவேண்டும். அப்படி ஓட்டிய பின் பட்டியலை அகரவரிசைப்படுத்தினேன். அதுவரை கொம்பின் கீழ் எங்கோ கிடந்த கோப்பாய், கல்வியங்காட்டுக்கு அடுத்து வந்து நின்றது.