எண்ணெய் கேட்காத மல்லுங்

கொழுப்பைக் குறைத்த சைவச் சமையலைத் தேடுகிறவர்கள் கண்டி மத்திய சந்தையின் கீரைக்கட்டுகளிலிருந்து தொடங்கலாம். சிங்களவர் வீட்டு மல்லுங் இருக்கிறதே! பொன்னாங்காணியோ கோவாவோ, நூலாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு, தேங்காய்ப்பூ சேர்த்துச் சட்டியில் பிரட்டினால் சில நிமிடங்களில் வதங்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். கீரையின் ஈரமே போதும். இறக்கிய பிறகுதான் தேசிப்புளி. முந்தினால் பச்சை நிறம் மங்கிவிடும். மாசிக் கருவாடு போடுகிறவர்கள் உண்டு. சைவக்காரர் அதை விட்டாலும் ருசி கெடாது, என் நாக்குக்கு அப்படித்தான். தேங்காயில்தான் கவனம்: 100 கிராமில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு. இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். வல்லாரையை மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள்; பச்சையாகவே சம்பல் போடுங்கள்.