வெற்றிலையும் செருப்பும்

களுதாவளையில் அம்மம்மாவின் கலியாணப் படம். 2004 சுனாமித் தண்ணீர் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது. போட்டோஷொப்பில் 2023இல் வந்த செயற்கை நுண்ணறிவு நிரப்பியிடம் கொடுத்தேன். மிஞ்சிய விளிம்பின் நிறத்தையும் நிழலையும் பிடித்துக்கொண்டு, வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து சிறிது சிறிதாகப் படத்தைத் தெளியவைக்கிறது. சேலை மடிப்பு பிசகாமல் இறங்கி வந்தது. கரைகூட அப்படியே! நல்ல தையற்காரர் ஒட்டுப் போட்ட மாதிரி.

பின்னால் வெற்றிலைக் கொடி நின்ற இடத்தில் மட்டும் ஊர்பேர் தெரியாத பூச்செடி. எங்கள் வெற்றிலையை அதற்கு ஆர் காட்டியிருப்பார்கள்? தோட்டத்துக்குப் போய்ப் படமெடுத்து ஒட்டினேன்.

அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தா.

"எல்லாம் சரி. இந்தச் செருப்பு ஆருட மனே? நான் அண்டைக்கு வெறுங்காலோடதானே நிண்ட நான்."