சிவப்பை மட்டும் தேடும் அளவுகோல்

கதிர்வீச்சு சிகிச்சையால் வரும் தோல் பாதிப்புக்கு எந்தக் களிம்பு நல்லது என்று தேடப் போனால் ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. சோற்றுக் கற்றாழை, காலெண்டுலா, ஸ்டீராய்டு, சிலிகான் பிலிம் என்று பட்டியல் நீளும். இவற்றை ஒப்பிடும் முன் எனக்கு ஒரு கேள்வி. பாதிப்பு கூடியதா குறைந்ததா என்று எதை வைத்து அளக்கிறார்கள்?

பல ஆய்வுகளில் அது அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'சி.டி.சி.ஏ.இ.' பட்டியல். அதன் ஐந்தாம் பதிப்பு 2017-ல் வந்தது. லேசான சிவப்பு, அல்லது தோல் காய்ந்து உரிவது முதல் நிலை. சிவப்பு நன்றாக ஏறினாலோ, ஓரளவு வீங்கினாலோ, தோல் மடிப்புகளில் உரிந்து நீர் கசிந்தாலோ இரண்டாம் நிலை. மடிப்பு அல்லாத இடங்களிலும் நீர் கசிந்தால் மூன்றாம் நிலை. அதற்கு மேல் தோல் செத்துப்போவது, புண், உயிராபத்து.

சரி, யாருடைய தோல் இப்படிச் சிவக்கும்? வெளிறிய தோலில் அழற்சி வந்தால் சிவப்பு பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அதே அழற்சி கன்றிய கருமையாக, சில சமயம் ஊதா சாயலில் தெரியும். நம்ம ஊர்ல "கரண்ட் வெச்சதுல கழுத்தே கருத்துப்போச்சு" என்று சொல்வார்களே, அதுதான் இது. பட்டியலில் கருமைக்குத் தனி வரி உண்டு. ஆனால் அங்கே அது வெறும் நிற மாற்றம். பரப்பையும் மன வருத்தத்தையும் வைத்து இரண்டு நிலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். வலி, எரிச்சல் பற்றி அந்த வரியில் ஒன்றும் இல்லை.

இதில் என்ன நஷ்டம்? முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில்தான் கவனிப்பைக் கூட்ட வேண்டிய நேரம் இருக்கிறது. அந்தப் படியைக் காட்ட வேண்டிய சிவப்பு கண்ணில் படாவிட்டால், "இது சகஜம்தான், அதே க்ரீமைப் போடுங்க" என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். நீர் கசிவது எந்தத் தோலிலும் தெரியும் என்பது உண்மை. அந்த இடத்தில் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதுவரை காத்திருந்தால் தடுக்கும் காலம் போய்விடும்.

இரண்டாவது குறை, இது பார்ப்பவரின் அளவுகோல். 2011-ல் அமெரிக்காவில் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு க்ரீமை மார்பகப் புற்றுநோயாளிகள் 176 பேரிடம் சோதித்தார்கள். மருத்துவத் தரப்பு போட்ட அதிகபட்ச மதிப்பெண்ணில் வெற்று க்ரீமுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. நோயாளிகளையே கேட்டபோது அரிப்பும் எரிச்சலும் மொமெட்டசோன் போட்டவர்களுக்குக் குறைவு. ஒரே தோலுக்கு இரண்டு பதில்! முதல் பதிலை மட்டும் படித்தவர் அந்த க்ரீமைத் தூக்கிப் போட்டிருப்பார்.

இதோடு 2023-ல் வெளியான கனடா ஆய்வை வைத்துப் பாருங்கள். 376 பெண்கள். மெபிடெல் பிலிம் ஒட்டியவர்களில் இரண்டாம், மூன்றாம் நிலைக்குப் போனவர்கள் 15.5%, ஒட்டாதவர்களில் 45.6%. யாருக்கு பிலிம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் கொஞ்சம் சார்பு இருக்கலாம். ஆனாலும் நோயாளிகள் சொன்னதும் அதே திசையில் இருந்தது. நான் இதை அதிகம் நம்புவது அதனால்தான்.

தோல் ஆய்வு ஒவ்வொன்றும் சேர்ந்தவர்களின் நிறத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், நோயாளியின் வாய்மொழியை முதன்மை அளவாக எடுக்க வேண்டும். என் விமர்சனம் இவ்வளவுதான்.

அதுவரை நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். வாரா வாரம் ஒப்பிடுங்கள். புறங்கையை வைத்து, மறுபக்கத்தை விடச் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் "கருத்திருக்கு" என்று நிறுத்தாமல், "காந்துது, துணி பட்டாலே வலிக்குது, ராத்திரி தூக்கம் இல்ல" என்று சொல்லுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் இது ஏறக்கூடும். கடைசி நாளோடு பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.