குத்துக்கும் குத்துக்கும் நடுவே

‘ராக்கி 3’ படத்துக்கு சில்வெஸ்டர் ஸ்டாலோன் முதலில் விரும்பியது குயின் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ பாட்டைத்தான். உரிமை கிடைக்காததால் சர்வைவர் என்ற ராக் குழுவிடம் போனார். ஜிம் பீட்டரிக்கும் ஃபிராங்கி சல்லிவனும் படத்தின் சண்டைக் காட்சிகளை ஓடவிட்டுப் பார்த்து, குத்து விழும் இடத்தில் கிட்டாரும் விழும்படி ‘ஐ ஆஃப் த டைகர்’ பாட்டைக் கட்டினார்கள். 1982-இல் அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது.

அதன் முன்னிசையை மறுபடி கேளுங்கள். கிட்டார் ஒருமுறை அறைந்துவிட்டு நிற்கிறது. பிறகு அடுத்தடுத்து மூன்று அறைகள். மறுபடி நிறுத்தம். அடியில் தந்தி மட்டும் அடங்கிய குரலில் துடித்துக்கொண்டே இருக்கிறது. குத்துச்சண்டை இந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரே தாளத்தில் குத்துகிறவனை எதிராளி இரண்டு சுற்றுக்குள் படித்துவிடுவான். கையை நீட்டுவதுபோல் காட்டி நிறுத்தி, எதிராளியின் தோள் அசைந்த பிறகு குத்துகிறவனே தேர்ந்தவன்.

ஆனால் பாட்டுக்குள் இருக்கும் இந்த நுட்பம் ராக்கி படங்களின் சண்டைகளில் இல்லை. இருவருமே முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறி வாங்குகிறார்கள். இடது கையால் தூரம் அளப்பது, மூச்சு வாங்க எதிராளியைக் கட்டிப் பிடிப்பது, கயிற்றோரம் நழுவுவது எல்லாம் அபூர்வம். நிஜ ஹெவிவெயிட் களத்தில் இத்தனை குத்து வாங்குகிறவனை நடுவர் மூன்றாம் சுற்றைப் பார்க்க விடமாட்டார்.

1976-இன் முதல் ராக்கி மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு. நாயகன் தோற்கத் துணிந்த படம் அது. அதற்கு வித்திட்டது 1975 மார்ச் 24-இல் ஒஹையோவில் முகமது அலியை எதிர்த்து சக் வெப்னர் ஆடிய ஆட்டம். ஒன்பதாம் சுற்றில் அலி தரையில் விழுந்தார். வெப்னர் காலை மிதித்துவிட்டதாக அலி சொன்னார். பதினைந்தாம் சுற்று முடிய 19 நொடி இருக்கும்போது நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். வெப்னர் அவ்வளவு தூரம் வந்தது வெறும் நெஞ்சுரத்தால் மட்டும் அல்ல. சாய்ந்தார், தள்ளினார், பிடரியில் தட்டினார். அழகில்லாத அந்த வேலைகளைத்தான் படம் கழித்துவிட்டது.

குத்துக்கும் குத்துக்கும் நடுவே வரும் அந்த நிறுத்தத்தைத் திரையில் பிடித்தவர் மார்ட்டின் ஸ்கோர்செஸி. ‘ரேஜிங் புல்’ (1980) படத்தில், 1951 பிப்ரவரி 14-இல் சிகாகோவில் ஜேக் லமோட்டாவும் சுகர் ரே ராபின்சனும் ஆறாவது முறையாக மோதிய ஆட்டம் வருகிறது. பதின்மூன்றாம் சுற்று. லமோட்டா கயிற்றில் சாய்ந்து நிற்கிறார். எதிரே ராபின்சன். கூட்டத்தின் இரைச்சல் வடிந்துபோகிறது. அதன் பிறகே குத்துகள் இறங்குகின்றன. ராபர்ட் டி நிரோவுக்கு ஆஸ்கர் கிடைத்ததை எல்லோரும் பேசுவார்கள்; எனக்கு அதைவிடப் பெரிது, படத்தொகுப்புக்காக தெல்மா ஷூன்மேக்கர் வாங்கிய ஆஸ்கர்.

வாங்கிக்கொண்டே நிற்பதை வீரமாக்குவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் உண்டு. ‘ராக்கி 3’ வந்த அதே 1982-இன் நவம்பரில், லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு மோதிய தென் கொரியாவின் கிம் டக் கூ பதினான்காம் சுற்றில் சரிந்தார்; சில நாளில் இறந்தார். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12-ஆகக் குறைத்தது. 1987-இல் வாரன் ஜெவோன் மான்சினியைப் பற்றி ஒரு ராக் பாட்டுப் பாடினார். கிம்மின் சாவையும் அதில் விடாமல் சொன்னார். உடற்பயிற்சிக் கூடங்களில் அந்தப் பாட்டை யாரும் போடுவதில்லை. போட வேண்டும்.