எதனோடு ஒப்பிட்டார்கள்?

எலும்புக்குப் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்க்கு டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற ஆசை புற்றுநோய் மருத்துவர்களை இருபது ஆண்டுகளாக விடவில்லை. அதில் பலித்தது கொஞ்சம். பலித்த இடத்திலும் எந்த மருந்தால் பலித்தது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

2004 வரை கையில் இருந்த கீமோ மைட்டோசான்ட்ரோனும் பிரெட்னிசோனும். வலி குறைந்தது, ஆயுள் கூடவில்லை. அந்த ஆண்டு இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. டாக்ஸ் 327 ஆய்வில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை டோசிடாக்சலும் அன்றாடம் பிரெட்னிசோனும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 18.9 மாதம், பழைய சிகிச்சையில் 16.5. மற்ற ஆய்வு டோசிடாக்சலோடு எஸ்ட்ராமஸ்டினைச் சேர்த்தது: 17.5 மாதம், பழையதில் 15.6. இரண்டிலும் லாபம் ஏறக்குறைய இரண்டு மாதம்தான். எஸ்ட்ராமஸ்டின் கூடுதலாகத் தந்தது குமட்டலும் இதய, ரத்தக்குழாய்த் தொல்லைகளும். அது வழக்கொழிந்ததில் வியப்பில்லை.

பிறகு வந்த தோல்விகளின் பட்டியல் நீளம். அதில் பெவாசிஸுமாப் கதை மட்டும் நின்று பார்க்க வேண்டியது. அதை டோசிடாக்சலோடு சேர்த்தபோது நோய் முற்றாமல் இருந்த காலம் 7.5 மாதத்திலிருந்து 9.9 ஆக நீண்டது. ஆயுளோ 21.5 மாதத்திலிருந்து 22.6 ஆனது, புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே அல்ல. சிகிச்சையாலேயே இறந்தவர்கள் 1.2 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானார்கள். லெனலிடோமைடைச் சேர்த்த ஆய்விலோ ஆயுள் குறைந்தே போனது. ஸ்கேனும் ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவும் நன்றாக இருக்கிறதென்று மகிழ்பவர்கள் இவற்றை நினைவில் வைப்பது நல்லது.

மாற்றம் வந்தது துணை மருந்தால் அல்ல, நேரத்தால். ஹார்மோன் சிகிச்சை தோற்றபின் கொடுத்துவந்த டோசிடாக்சலை, அந்தச் சிகிச்சை தொடங்கும்போதே ஆறு சுற்று கொடுத்துப் பார்த்தது சார்டட் ஆய்வு. இடைநிலை ஆயுள் 44 மாதத்திலிருந்து 57.6 ஆனது. நோய் அதிகம் பரவியவர்களுக்குப் பலன் இன்னும் பெரிது: 32.2 மாதத்திலிருந்து 49.2. பரவல் குறைவானவர்களுக்குத் தெளிவான லாபம் இல்லை. ஸ்டாம்பீட் ஆய்வு இந்தக் கடைசி முடிவோடு உடன்படவில்லை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது பேச்செல்லாம் மூன்று மருந்துக் கூட்டணியைப் பற்றியது. அராசென்ஸ் ஆய்வு ஹார்மோன் சிகிச்சை, டோசிடாக்சல் இரண்டோடு டரோலுடமைடு மாத்திரையைச் சேர்த்தது. நான்கு ஆண்டு முடிவில் 62.7 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், ஒப்பீட்டுக் குழுவில் 50.4. பீஸ்-1 ஆய்வில் அபிராடெரோன் இதேபோல உதவியது. வலுவான முடிவுகள், மறுக்க இடமில்லை. ஆனால் இவை நிரூபித்தது டோசிடாக்சல் பெறுபவருக்குப் புதிய மாத்திரை பயன்படும் என்பதை. மாத்திரை பெறுபவருக்கு டோசிடாக்சலும் வேண்டுமா என்பது வேறு கேள்வி. கீமோ இல்லாமலே, ஹார்மோன் சிகிச்சையோடு அபிராடெரோன் கொடுத்த லாடிட்யூட் ஆய்வில் ஆயுள் 36.5 மாதத்திலிருந்து 53.3 ஆகியிருக்கிறது.

அராசென்ஸின் இரு குழுக்களிலும் கடுமையான பக்கவிளைவுகள் கிட்டத்தட்ட சமமாக இருந்ததை டரோலுடமைடுக்கு நற்சான்றாகக் காட்டுகிறார்கள். அது நியாயமே. ஆனால் அதிலேயே இன்னொன்றும் தெரிகிறது: வெள்ளணுக்கள் சரிவது போன்ற தொல்லைகளில் பெரும்பங்கு இரு குழுவுக்கும் பொதுவான டோசிடாக்சலின் கைவரிசை.

ஆகவே, கண்டறியும்போதே நோய் பல எலும்புகளில் பரவியிருக்கிற, உடல் தாங்கக்கூடிய ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு மூன்றையும் கொடுப்பதை ஒப்புக்கொள்வேன். இரண்டு எலும்புகளில் மட்டும் நோய் தென்படுகிற, இதயம் பலவீனமான எண்பது வயதுப் பெரியவருக்கு அதே சீட்டை எழுதுவதற்குச் சான்று போதாது. டோசிடாக்சலை நீக்கிவிட்டு நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வுகள்தான் இதைத் தீர்க்கும். காப்புரிமை முடிந்து மலிவாகிவிட்ட மருந்துக்காக எந்தக் கம்பெனியும் முந்திக்கொண்டு பணம் போடாது. அரசு நிதியில்தான் அவை நடந்தாக வேண்டும்.